ஏடன் வளைகுடா கான்வாய்: ரெண்டு தடவை போன அனுபவம்

2012-ல ஒரு பல்க் கேரியர்ல (தானியம், நிலக்கரி மாதிரி சரக்கை மொத்தமா ஏத்துற கப்பல்) செகண்ட் மேட்டா, அதாவது கப்பல் ஓட்டுற அதிகாரிகள்ல ஒருத்தனா இருந்தேன். முழு லோடு, ஃபுல் ஸ்பீடே 12 நாட் (மணிக்கு சுமார் 22 கி.மீ.) தான், கடல் மட்டத்துலேர்ந்து டெக் ரொம்ப உயரமும் இல்ல, அதனால சோமாலியா கொள்ளைக்காரங்க ஸ்கிஃப்ல (சின்ன வேகப் படகு) வந்து ஏணி மாட்டுறதுக்கு எங்களை மாதிரி கப்பல்தான் வசதி.

முதல் தடவை ஏடன் வளைகுடாவை (ஏமனுக்கும் சோமாலியாவுக்கும் நடுவுல இருக்குற கடல்) நம்ம இந்திய நேவி கான்வாய்ல, அதாவது போர்க்கப்பல் காவலோட கப்பல்கள் கூட்டமா போறதுல, கடந்தோம். பனாமா கொடி கப்பல்தான், ஆனாலும் சேர்த்துக்கிட்டாங்க, காசு ஒரு பைசா வாங்கல. முன்கூட்டியே பதிவு பண்ணணும், சொன்ன இடத்துக்கு சொன்ன நேரத்துல போய் நிக்கணும், அவ்வளவுதான். ராத்திரி வாட்ச்ல பக்கத்துலயே போர்க்கப்பல் வர்றதைப் பார்த்தப்போ எவ்வளவு நிம்மதியா இருந்துச்சுன்னு சொல்லவே தெரியல.

ரெண்டாவது தடவை எங்க கம்பெனி ஆபீஸ்ல பதிவை லேட்டா அனுப்பி, நம்ம கான்வாய் போயிடுச்சு. முன்னாடின்னா மாட்டியிருப்போம், ஏன்னா ஒவ்வொரு நேவியும் தனித்தனி டைம்டேபிள் வச்சிருந்துச்சு, சில நாள் எல்லாரும் ஒண்ணா கிளம்புவாங்க, சில நாள் யாருமே இருக்க மாட்டாங்க. 2012 ஜனவரிலேர்ந்து இந்தியா, சைனா, ஜப்பான் மூணும் பேசி வச்சு, ஒருத்தர் தேதி போட மத்தவங்க அதை ஒட்டி தங்களோடதைப் போட ஆரம்பிச்சாங்க. அதனால சைனா கான்வாய்ல இடம் கிடைச்சுது. அந்த வருஷம்தான் செங்காகு தீவுக்காக சைனாவுக்கும் ஜப்பானுக்கும் பெரிய தகராறு, நமக்கும் சைனாவுக்கும் எல்லைப் பிரச்சனை எப்பவும் உண்டு, அப்படியும் இங்க தேதி மாறல, அதுதான் எனக்குப் பெரிய விஷயமா பட்டுது.

குறைன்னா, கூட்டத்துல மெதுவா போற கப்பலோட வேகத்துக்குத்தான் எல்லாரும் போகணும், காத்துக் கிடக்குறதுல எண்ணெயும் நேரமும் போகும். அதோட வளைகுடா தாண்டினதும் துணை முடிஞ்சுது, அரபிக்கடல்ல கப்பலைச் சுத்திக் கட்டின முள்கம்பியும் நம்ம ஆளுங்க கண்காணிப்பும்தான் பாதுகாப்பு.

2017 ஏப்ரல்ல ஓஎஸ் 35-ங்கற சரக்குக் கப்பல்ல கொள்ளைக்காரங்க ஏறினப்போ மேல இந்திய ஹெலிகாப்டர் காவல் நிக்க, சைனா வீரர்கள் கப்பல்ல ஏறி சோதனை போட்டாங்க, உள்ள ஒளிஞ்சிருந்த 19 பிலிப்பைன்ஸ் மாலுமிகளும் பத்திரமா வெளிய வந்தாங்க. அந்த செய்தியைப் படிச்சப்போ எனக்குக் கண் கலங்கிடுச்சு.

இந்த கான்வாய் ஏற்பாட்டுக்கு 5-க்கு நாலரை மார்க் குடுப்பேன். 2023 கடைசிலேர்ந்து மறுபடி கடத்தல் நடக்குது, அந்தப் பக்கம் போறவங்க பதிவை ஆபீஸ் பண்ணிடும்னு விட்டுடாதீங்க, நீங்களே கேட்டு உறுதி பண்ணிக்கோங்க.