அரிப்புக்கு ஜாமு (மலாய் மூலிகை மருந்து) மாத்திரை வாங்குகிறீர்களா? கவனம்!

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் இருப்பவர்கள் வீட்டுப் பெரியவர்களிடம் இதைச் சொல்லிவையுங்கள்.

அம்மாவுக்குத் தோட்டத்தில் உரம் போடும் வேலை. ரப்பர் கையுறை ஒத்துக்கொள்ளாமல் மணிக்கட்டு வரை சிவந்து, தோல் வெடித்து, ராத்திரியெல்லாம் சொறிச்சல். டவுனில் ஒரு கடைக்காரர், "அக்கா, வெறும் வேரும் இலையும்தான், ஒன்னும் பண்ணாது" என்று ஜாமு மாத்திரையைக் கொடுத்தார். டப்பா 45 ரிங்கிட்.

மறுநாளே அரிப்பு அடங்கிவிட்டது. சந்தேகப்பட வேண்டிய இடமே அதுதான். இலை தழைக்கு ஏது அவ்வளவு வேகம்? முட்டி வலியும் போனது, பசியும் எடுத்தது. டப்பா மேல் டப்பா வாங்கினார். போகப்போகக் கன்னம் உப்பி முகம் உருண்டது. "நல்லா சதை போட்டுட்டீங்க" என்று கோயிலில் பாராட்டு வேறு! கை கால் மட்டும் மெலிந்துகொண்டே வந்தது. லேசாக இடித்தாலே கன்றிப்போனது.

தீபாவளி நேரத்தில் கடையில் சரக்கு தீர்ந்து மாத்திரை நின்றது. வாந்தி, எழுந்தால் தலைசுற்றல். அவசரப் பிரிவில் டாக்டர் முகத்தைப் பார்த்ததுமே, "என்ன மாத்திரை சாப்பிடுறீங்கம்மா?" என்றார். டெக்ஸாமெத்தசோன் போன்ற, அரிப்பையும் வீக்கத்தையும் சட்டென்று அடக்கும் ஸ்டீராய்டு மருந்தை ஜாமுவில் கலந்து விற்பது புதிதில்லையாம். அது வெளியிலிருந்து வந்துகொண்டே இருந்தால் உடம்பு தானாகச் சுரக்கும் ஸ்டீராய்டைக் குறைத்துக்கொள்ளும். திடீரென்று விட்டால் ரத்த அழுத்தம் இறங்கி உயிருக்கே ஆபத்து. சர்க்கரையும் ஏறியிருந்தது. கை வெடிப்பில் கிருமி புகுந்து முழங்கை வரை வீக்கம். காய்ச்சல்கூடத் தெரியாமல் மாத்திரை அமுக்கி வைத்திருந்தது.

இதே மாதிரி ஏதாவது சாப்பிட்டு வருகிறீர்கள் என்றால் நீங்களாக நிறுத்தாதீர்கள். டப்பாவோடு கிளினிக்குக்குப் போங்கள். அரசு கிளினிக்கில் நமக்கு 1 ரிங்கிட்தான். அப்புறம், பதிவு செய்த மருந்தில் 'எம்ஏஎல்' (MAL) என்று தொடங்கும் எண்ணும் ஹோலோகிராமும் இருக்கும். எண் இருக்கிறதே என்று நம்பிவிடவும் கூடாது. தேசிய மருந்து ஒழுங்குமுறை முகமையின் இணையத்தளத்தில் போட்டுப் பாருங்கள். எங்கள் டப்பாவில் இருந்தது வேறு ஏதோ இருமல் மருந்தின் எண்!

அதைக் காட்டிக் கேட்டால், "சப்ளையர் கொடுத்ததை விற்கிறேன், எனக்கென்ன தெரியும்" என்கிறார் கடைக்காரர். மருந்தக அமலாக்கப் பிரிவில் புகார் கொடுத்திருக்கிறோம். அம்மாவுக்கு ஸ்டீராய்டை டாக்டர்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து வருகிறார்கள். கையுறையை மாற்றியதிலேயே கை பாதி ஆறிவிட்டது.