கடை லேபிள் ஒட்டிய 32 இன்ச் டிவி: பழுதானால் யாரைப் பிடிப்பது?

கும்பகோணம், மன்னார்குடி பக்கத்துச் சின்னக் கடைகளில் கிடைக்கும் பெயர் தெரியாத அசெம்பிள் டிவிகளில் படம் மோசமில்லை. செய்தி, சீரியல் பார்க்கப் போதும். சத்தம்தான் தகர டப்பா. பில்லோடு கிடைத்தால் இரண்டாவது டிவியாக வாங்கலாம். பில் தர இழுக்கிற கடையில் எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம்.

இதில் முதலில் போவது பேக்லைட், அதாவது திரைக்குப் பின்னால் வெளிச்சம் தரும் எல்இடி விளக்குகள். எல்இடிகள் தொடராக இணைந்திருப்பதால் ஒன்று போனாலே திரை இருண்டுவிடும். பளிச்சென்று தெரிய வேண்டும் என்று கரண்டைக் கூட்டி வைப்பதால் சூடேறிச் சாகின்றன. சத்தம் வந்து படம் வராவிட்டால், அறையை இருட்டாக்கித் திரையில் டார்ச்சைச் சாய்வாக அடியுங்கள். மங்கலாகப் படம் ஓடினால் பேக்லைட்தான்.

"வோல்டேஜ் அடிச்சிருக்கும் சார், வாரண்டி வராது" என்பார்கள் கடைக்காரர்கள். பம்புசெட் ஓடும்போது நம்மூர் லைன் இறங்குவதும் நின்றதும் ஏறுவதும் தெரிந்ததே, அதனால் எடுபடுகிற சாக்கு. ஆனால் வோல்டேஜ் அடித்தால் பெரும்பாலும் பவர் போர்டில் ஃபியூஸ் போயிருக்கும், அதிக வோல்டேஜைத் தாங்கிக்கொள்ளும் வேரிஸ்டர் என்ற சின்னப் பாகம் கருகியோ பிளந்தோ இருக்கும், ஸ்டாண்ட்பை லைட்டே எரியாது. போர்டைக் கழற்றி எதிரிலேயே காட்டச் சொல்லுங்கள். வேரிஸ்டரே போடாத போர்டும் உண்டு. அது தயாரித்தவர் மிச்சம்பிடித்த கணக்கு.

பிராண்டு டிவி என்றால் "கம்பெனிக்குப் போன் பண்ணுங்க" என்பதில் கொஞ்சம் நியாயம் உண்டு, சர்வீஸ் சென்டராவது இருக்கும். அப்போதும் புகாரில் கடை, கம்பெனி இரண்டையும் சேர்க்கலாம். இந்த டிவிக்குக் கம்பெனி எது? டிவி வெடித்து ஆளுக்கோ வீட்டுக்கோ சேதம் வந்தால், தயாரித்தவர் யாரென்று தெரியாத பட்சத்தில் விற்றவர்தான் பொறுப்பு என்கிறது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 86ஆம் பிரிவு. டிவி மட்டும் பழுது என்றால் அந்தப் பிரிவு வேண்டாம். பழுதுள்ள பொருள் என்ற புகாரே போதும். சரிசெய்யவோ, மாற்றித் தரவோ, பணத்தைத் திருப்பவோ நுகர்வோர் ஆணையம் உத்தரவிடலாம்.

அதற்குப் பில் பேச வேண்டும். சீரியல் எண், பேனலுக்கும் (திரை) போர்டுக்கும் தனித்தனியாக எத்தனை மாதம் வாரண்டி, பேக்லைட் சேருமா, எல்லாவற்றையும் கடை முத்திரையோடு எழுதி வாங்குங்கள். 'எஸ்டிமேட்' துண்டுச்சீட்டு ஆகாது. பழுதானால் முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழையுங்கள். மசியாவிட்டால் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் என அவரவர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் மனு போடலாம். சென்னையில் வாங்கிய டிவிக்கும் குடியிருக்கிற மாவட்டமே போதும். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை மனுவுக்குக் கட்டணம் கிடையாது.