ஸ்காட்லாந்துக் கூடைப்பிடி வாள்: பழையதும் நகலும்

கூடைப்பிடி வாளைப் பார்க்கிறவரின் கண் முதலில் போய் நிற்பது அலகில் அன்று, கையை முழுவதும் மூடி நிற்கும் இரும்புக் கூட்டில்தான். நகல்கள் விற்பனையாவது அந்தக் கவர்ச்சியால்தான். வாங்குபவர் ஏமாறுவதும் அங்கேதான். 1545இல் மூழ்கிய மேரி ரோஸ் போர்க்கப்பலிலிருந்து இவ்வகை வாள் ஒன்று மீட்கப்பட்டிருப்பதால், இங்கிலாந்தில் இது அதற்கு முன்பே புழக்கத்துக்கு வந்துவிட்டது என்பது தெளிவு. வெனிஸ் குடியரசின் டால்மேஷியப் படையினர் ஏந்திய ஸ்கியவோனா என்ற வாளும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. ஆயினும் சேகரிப்போர் மிகுதியாகத் தேடுவது ஸ்காட்லாந்து மேட்டுநிலத்தாரின் (ஹைலேண்டர்கள்) அகன்ற, இருபுறமும் கூருடைய வாளைத்தான். 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அத்தகைய வாள் ஒன்றையும், அந்த வடிவில் இன்றைய பட்டறை ஒன்றில் செய்யப்பட்ட நடுத்தர விலை நகல் ஒன்றையும் அருகருகே வைத்து ஒப்பிட்டேன்.

கையில் எடுத்த உடனேயே வேறுபாடு தெரிந்துவிடுகிறது. இவ்வகைப் பழைய வாள்கள் பெரும்பாலும் 1.1 முதல் 1.4 கிலோ வரை எடையும், ஏறத்தாழ 80 செ.மீ. நீள அலகும் கொண்டவை. கூட்டின் கனம் கையருகிலேயே தங்கிவிடுவதால், அலகு நீண்டிருந்தும் முனை நினைத்த இடத்தில் போய் நிற்கிறது. இதற்குக் கூடு மட்டும் காரணமன்று. பழைய அலகு பிடியருகே தடித்துத் தொடங்கி முனையை நோக்கிப் படிப்படியாக மெலிகிறது. நகலின் அலகோ நெடுகிலும் ஏறத்தாழ ஒரே தடிப்பு. அதனால் முனைப்பக்கம் கூடும் கனத்தை ஈடுகட்டக் குமிழை, அதாவது பிடியின் கடைக்கோடியில் உள்ள உருண்டையைப் பெரிதாக்கியிருக்கிறார்கள். அதனால் மொத்த எடை கூடியதே தவிர, வீசிய வாளைத் தடுத்து நிறுத்துவது எளிதாகவில்லை.

அடுத்து, கூட்டின் உள்ளளவு. என் கணிப்பில் இதுவே முதன்மையானது. பழைய வாளில் மூடிய கை அடக்கமாகப் பொருந்துகிறது. உள்ளே தோலும் சிவப்புத் துணியும் வைத்த மெத்தை, கம்பிகள் விரல்முட்டிகளில் இடிக்காமல் காக்கிறது. நகலில் தடித்த கையுறை அணிவோரையும் கருதிக் கூட்டை அகலமாக்கியிருப்பதால், வெறுங்கை அதற்குள் ஆடுகிறது. திறந்த பிடியுள்ள வாளைப் போல விரல்களை இடம் மாற்றவோ, மணிக்கட்டை முழுவதும் நீட்டிக் குத்தவோ கூடைப்பிடியில் இடமில்லை. பிடியை இறுக மூடி, முழங்கையும் தோளும் சேர்ந்து வெட்டுவதற்கான அமைப்பு இது. இடக்கையில் வட்டக் கேடயம் ஏந்திய மேட்டுநிலத்தாருக்கு அது போதுமானதாக இருந்தது. இவ்வகை வாளே முரடு என்று குறை சொல்வோரில் பலர், அளவு பொருந்தாத கூட்டைப் பிடித்துப் பார்த்தவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

பழைய வாளை விலைக்கு வாங்க எண்ணுவோர் அலகில் ஆண்ட்ரியா ஃபெராரா என்ற இத்தாலிய வாள் கொல்லரின் பெயர் பொறித்திருப்பதைச் சான்றாகக் கொள்ளக் கூடாது. ஜெர்மனியின் சோலிங்கனிலிருந்து வந்த அலகுகள் பலவற்றில் அது தர முத்திரை போலவே இடப்பட்டது. கிளாஸ்கோவிலும் ஸ்டெர்லிங்கிலும் இருந்த கைவினைஞர்கள் அத்தகைய வெளிநாட்டு அலகுகளுக்குக் கூடு பொருத்தினார்கள். ஆகவே அலகும் கூடும் வெவ்வேறு ஊர்களில், வெவ்வேறு காலங்களில் பிறந்திருந்தால் அதைக் குறையாகக் கருத வேண்டியதில்லை. ஐயப்பட வேண்டியது வேறொன்றை: 1822இல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்தபின் பரவிய மேட்டுநில மோகத்தில், உடை அலங்காரத்துக்கும் சுவர் அழகுக்கும் செய்யப்பட்ட 19ஆம் நூற்றாண்டு நகல்களும் இன்று பழமையேறியே காட்சியளிக்கின்றன. கூட்டின் உட்புறத்தில் கைவேலையின் அடையாளமான அரத்தின் கீறலும் சுத்தியலின் தடமும் இருக்கின்றனவா என்று பார்ப்பது நல்லது.

பழைய வாளை வீசிப் பார்க்க வேண்டாம். குமிழின் மேல் தட்டிப் பரப்பிய காம்பின் (பிடிக்குள் செல்லும் அலகின் வால்பகுதி) முனை தளர்ந்திருக்கலாம், உலர்ந்த தோல் உதிர்ந்துவிடலாம். வியர்வை துருவை வளர்க்கும் என்பதால் கையுறை அவசியம். கம்பித் தூரிகையும் அமிலமும் ஆகவே ஆகா; மெல்லிய எண்ணெய்ப் பூச்சே போதும்.

நான் பார்த்த நகலைப் பயிற்சிக்குப் பரிந்துரைக்க மாட்டேன். வேறு நகல் தேடுவோர், அலகு எங்கெங்கே எவ்வளவு தடிப்பு, கூட்டின் உள்ளகலம் எவ்வளவு என்று விற்பவரிடம் கேட்டு அறிந்த பிறகே பணம் கொடுக்கலாம். உண்மையான பழைய வாள்தான் வேண்டும், ஆனால் 18ஆம் நூற்றாண்டு விலை கட்டாது என்போருக்கு, ஸ்காட்லாந்துப் படைப்பிரிவு அதிகாரிகள் ஏந்திய, 1828ஆம் ஆண்டின் படை மாதிரி வாள் தக்க வழி. வில்கின்சன் என்ற ஆங்கில வாள் நிறுவனம் செய்தவை பலவற்றில் பிடியருகே வரிசை எண் பொறிக்கப்பட்டிருப்பதால், செய்த ஆண்டையும் அறிந்துகொள்ள முடிகிறது.