கும்பகோணத்துல ஒரு காய்கறி வண்டியும் எங்கப்பாவோட 94ம்

கொரோனா நேரத்துல சிங்கப்பூர்லேந்து ஊருக்கு வந்தப்ப திருச்சில எறங்குனது, டெஸ்ட் எடுத்தது எல்லாம் ஒழுங்காவே நடந்துச்சு, அத விடுங்க. நான் சொல்ல வந்தது காய்கறி வண்டி பத்தி. 2021 மே 24லேந்து தளர்வில்லா ஊரடங்குன்னு மளிகைக்கடை, காய்கறிக்கடை எல்லாத்தையும் மூடிட்டு தெருத்தெருவா வண்டில காய் விக்க விட்டாங்கள்ல, அதே வண்டிதான்.

அப்பாவுக்கு கொரோனா பாசிட்டிவ், வாசல்ல நகராட்சி ஸ்டிக்கர். பத்து வீடு தள்ளி இருக்கறவங்க கூட எதிர்ப்பக்கமா ஒதுங்கிப் போனாங்க. மாடிலேந்து கயித்துல கூடைய எறக்கித்தான் காய் வாங்கணும். மொத நாள் எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமில்ல. ஸ்பீக்கர்ல ஒரே ரெக்கார்டிங் ஓடுது, சில்லறை கிடையாது, கூகுள் பே சுத்திக்கிட்டே இருக்கு, கத்திரிக்கா பாதி சொத்தை. சிங்கப்பூர்ல ஆப்ல ஒரு தட்டு தட்டுனா மணி அடிச்சிட்டு வாசல்ல வச்சிட்டுப் போயிட்டே இருப்பான், மூஞ்சியக் கூட பாக்க வேணாம்.

இந்த வண்டிக்காரப் பையன் அப்பிடிப் போகல. கீழ நின்னுக்கிட்டு, "அண்ணே, ஐயாவுக்கு ஆக்சிஜன் எவ்ளோ காட்டுது?"ன்னு கத்துறான். 94ன்னேன். "தொண்ணூத்தி நாலா!"ன்னு அவன் திருப்பிக் கத்துனதுல தெருவுக்கே தெரிஞ்சு போச்சு, சிங்கப்பூர்ல இப்பிடிக் கத்துனா பிரச்சினையே ஆயிடும். அதோட விடல, "அம்மா, ஐயாவ குப்புற படுக்கச் சொல்லுங்க, மூச்சு ஈஸியா வரும், எங்க மச்சான் தஞ்சாவூர் மெடிக்கல்ல கெடந்தப்ப அப்பிடித்தான் படுக்க வச்சாங்க"ன்னு அம்மாவுக்கு க்ளாஸே எடுத்தான். நான் கூடையில போட்டு எறக்குன நோட்டுல சானிடைசர் அடிச்சு, ஸ்டியரிங்குக்கு முன்னாடி வெயில்ல காயப் போட்டான்.

மறுநாள் கேக்காமலே ரெண்டு எளநி, மேல சீவி ரெடியா, கொசுறா ஒரு கொத்து கருவேப்பிலை. எளநிக்கு காசு கரெக்டா வாங்கிக்கிட்டான், அதுல ஒண்ணும் தாராளம் கிடையாது. ஆனா தெனம் அந்த நம்பரக் கேக்காம வண்டிய எடுக்க மாட்டான். அதுக்கு முந்துன வருஷம், 2020ல, சிங்கப்பூர் திரும்பி ஹோட்டல்ல அடைஞ்சு கெடந்தப்ப நேரந்தவறாம சாப்பாடு வந்துச்சு, குறையே சொல்ல முடியாது, சாப்ட்டியான்னு கேக்கத்தான் ஆள் இல்ல.

ஜூன் 7ல மத்த ஊருக்கு தளர்வு வந்துச்சு, தஞ்சாவூரோட சேத்து 11 மாவட்டத்துக்கு மட்டும் மளிகை, காய்கறிக்கடை மாதிரி கொஞ்சம் தவிர கெடுபிடி அவ்வளவா குறையல, அதுக்கு நான் திட்டுனது தனிக்கதை. காய்கறிக்கடை தொறந்தும் அம்மா வண்டிலதான் வாங்குனாங்க. அப்பா 97க்கு வந்த அன்னிக்கு அவன் கேட்டான், "சிங்கப்பூர்ல நமக்கு ஒரு வேலை பாத்துக் குடுங்கண்ணே."

"பார்டரே மூடிக் கெடக்கு தம்பி, நானே போனா 21 நாள் அடைச்சு வப்பாங்க"ன்னேன்.

"அப்ப நாளைக்கு வெண்டக்கா கொண்டாரேன்"னு ஸ்பீக்கரப் போட்டுட்டு கெளம்பிட்டான்.