சைக்கிளை ரயிலில் அனுப்பப் போகிறீர்களா? என் 3,200 ரூபாய் போன கதை

நாகர்கோவிலில் ஒரு லாரி ஷெட்டிலிருந்து சைக்கிளை இப்போதுதான் எடுத்தேன். ஓட்டிக்கொண்டு வரவில்லை, தோளில் தூக்கிக்கொண்டு வந்தேன். பின் சக்கரம் சுற்றவே இல்லை.

திட்டம் எளிமையானது. சென்னையிலிருந்து ராத்திரி ரயில், காலையில் நாகர்கோவில். அங்கிருந்து கன்னியாகுமரி, திருச்செந்தூர், தூத்துக்குடி என்று கடலோரமாக ராமேஸ்வரம்வரை மிதிப்பது. நாலு நாள் லீவு.

பார்சல் ஆபீஸில் எனக்கு முன்னால் ஏழு பேர். வாசலிலேயே ஒருவர் பிடித்துக்கொண்டார். "தம்பி, அங்க ஃபார்ம், ஜெராக்ஸ்னு அலைய விடுவாங்க. பிரேக் வேன்ல நமக்கு லீஸ் இடம் இருக்கு, உங்க வண்டியிலயே ஏத்திடறேன்." பிரேக் வேன் என்பது ரயிலில் சரக்கு ஏற்றும் பெட்டி. ரயில்வே அதில் ஒரு பகுதியைத் தனியாருக்குக் குத்தகைக்கு விடுவது உண்மைதான், எனக்கும் தெரியும். அதனால் சந்தேகம் வரவில்லை. ஆனால் நான் விழுந்தது அதில் இல்லை. குனிந்து, பின் சக்கரத்தில் கியர் மாற்றுகிற டீரெய்லரைத் தொட்டுப் பார்த்து, "கியர் பக்கம் மேல வர்ற மாதிரி படுக்க வைக்கணும் தம்பி, இல்லாட்டி ஹேங்கர் வளைஞ்சிரும்" என்றார் பாருங்கள், அதில்தான். டீரெய்லரைச் சட்டத்தோடு மாட்டும் சின்னத் துண்டுதான் ஹேங்கர். சைக்கிள் தெரிந்த மனுஷன் என்று நினைத்து 3,200 ரூபாயை ஜிபேயில் தட்டிவிட்டேன். ரோஸ் கலர் துண்டுச் சீட்டு ஒன்று கொடுத்தார். அதில் தொகையும் ஒரு செல் நம்பரும் மட்டும்.

காலையில் இறங்கி பிரேக் வேனுக்கு ஓடினேன். துணி மூட்டைகள் இறங்கின, ஒரு பைக் இறங்கியது, என் சைக்கிள் இல்லை. பார்சல் கிளார்க் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது ரயில்வே ரசீதே இல்லையே சார்" என்றார். இதே சைக்கிளுக்கு முறைப்படி எவ்வளவு ஆகும் என்று கேட்டேன். ஐந்நூறைத் தாண்டாதாம். நான் கொடுத்தது 3,200!

பணம் போகும்வரை நான் "தம்பி". சீட்டில் இருந்த நம்பருக்கு அன்று மதியம் கூப்பிட்டால் "சார், லோடுல இடமில்ல, அடுத்த வண்டில வருது". மறுநாள் "டிரைவர்ட்ட பேசுங்க சார்". டிரைவரா? ரயிலில் வருகிற சைக்கிளுக்கு எந்த டிரைவரிடம் பேசுவது என்று கேட்டதும் கட். மூன்றாம் நாள் "சைக்கிள்தானே சார், எங்க போயிடும்?" நேற்று "ஹலோ, யாரு?"

லாரியில் வந்திருக்கிறது. ஹேங்கர் வளைந்து, டீரெய்லர் ஆரக்கம்பிக்குள் சிக்கி, முன் பிரேக்கின் டிஸ்க் கோணலாகி. எந்தப் பக்கம் கீழே வைக்கக்கூடாது என்று அவரே சொன்னாரோ, அந்தப் பக்கம்தான். இதில் ஷெட்காரர் இறக்குகூலி 150 தனியாக வாங்கிக்கொண்டார். லீவும் முடிந்தது, கடலைக்கூடப் பார்க்கவில்லை.

விவரமாக எழுத நினைத்தேன், பொறுமை இல்லை. டிக்கெட்டைக் காட்டி பார்சல் ஆபீஸ் கவுண்டரில் நீங்களே 'லக்கேஜ்' என்று புக் செய்யுங்கள். 'பார்சல்' என்று போட்டால் நீங்கள் போகும் வண்டியில்தான் வரும் என்பதில்லை. ரசீதில் ரயில் நம்பர் இருக்கிறதா பாருங்கள். வந்தே பாரத்தில் பிரேக் வேன் கிடையாது. ரெண்டு நிமிஷம் நிற்கிற ஸ்டேஷனுக்குப் போடாதீர்கள், இறக்க நேரம் இருக்காது. சைக்கிளைப் பேக் செய்வதற்கு முன் நாலு பக்கமும் போட்டோ எடுங்கள். வாசலில் "தம்பி" என்று கூப்பிட்டால் திரும்பாதீர்கள்.

ராத்திரி திரும்புகிற வண்டி. இப்போதே கவுண்டரில் போய் நிற்கப் போகிறேன், முன்னால் எழுபது பேர் இருந்தாலும் சரி.