வீனஸ் ஃப்ளைட்ராப்பா, குடுவைச் செடியா? வெயில் ஊர்க்காரர்களுக்கு எது?

பூச்சி பிடிக்கும் செடி வாங்கலாம் என்று நினைத்தவுடன் மனதில் வருவது வீனஸ் ஃப்ளைட்ராப்தான். இலைக்குள் இருக்கும் முடிகளைப் பூச்சி சுமார் 20 விநாடிக்குள் இரண்டு முறை தொட்டால் போதும், கண்ணிமைக்கும் நேரத்தில் இலை மூடிக்கொள்ளும். அந்த அழகுக்கு ஈடே இல்லை. ஆனாலும் சென்னை, திருச்சி, யாழ்ப்பாணம் மாதிரி ஊரில் பால்கனிக்கு ஒரு செடிதான் என்றால், நெப்பந்தஸ் என்கிற குடுவைச் செடியைத்தான் சொல்வேன்.

காரணம் குளிர். ஃப்ளைட்ராப் இயற்கையாக வளர்வது அமெரிக்காவின் வட, தென் கரோலினா மாநிலங்களில், வில்மிங்டன் நகரைச் சுற்றியுள்ள ஈரமான மணல் நிலங்களில் மட்டும்தான். அங்கே கோடை நன்றாகவே சுடும். குளிர்காலத்தில் சில இரவுகள் உறைநிலைக்கும் கீழே போகும். அந்தச் சுழற்சிக்குப் பழகிய செடி அது. மூன்று நான்கு மாதம் 10 டிகிரியை ஒட்டிய குளிரில் உறங்கினால்தான் மறுபடி தெம்பாகத் துளிர்க்கும். உறக்கமே இல்லாவிட்டால் வருடத்துக்கு வருடம் மெலிந்து செத்துப்போகும். ஊட்டி, கொடைக்கானலில் இருப்பவர்களுக்கு இந்தக் கவலை அவ்வளவாக இல்லை. சமவெளியில், வேரைக் கழுவி ஈரப்பாசியில் சுற்றி ஃப்ரிட்ஜில் வைக்கிற வழி உண்டு. பூஞ்சை பிடிக்கிறதா என்று அடிக்கடி பார்க்க வேண்டும்.

நெப்பந்தஸுக்கு உறக்கமே கிடையாது. அது வெப்பமண்டலச் செடி. மேகாலயாவில் ஒரு இனமும் இலங்கையில் ஒரு இனமும் இயற்கையாகவே வளர்கின்றன. அவற்றைக் காட்டிலிருந்து பிடுங்குவது பாவம். நர்சரியில் கிடைக்கும் வென்ட்ராட்டா என்ற கலப்பினமே போதும், முரட்டுத்தனமாக வளரும். காலை வெயிலும் காற்றில் ஈரப்பதமும் வேண்டும். ஈரம் குறைந்தால் இலை மட்டும் வரும், இலை நுனியில் தொங்கிப் பூச்சியைப் பிடிக்கும் குடுவை வராது.

தண்ணீர் விஷயத்தில் இரண்டுமே கறார். போர் தண்ணீரில் இருக்கும் உப்பு ஃப்ளைட்ராப்பைச் சில மாதத்தில் முடித்துவிடும். மழைநீர் சிறந்தது. ஆர்.ஓ. தண்ணீர் என்றால் டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) 50-க்குள் இருக்கிறதா என்று மீட்டரில் பாருங்கள். மினரல் சேர்த்துத் தரும் மெஷின்களில் பெரும்பாலும் அதற்குள் இருக்காது. ஃப்ளைட்ராப் தொட்டியை இரண்டு விரல் தண்ணீர் உள்ள தட்டில் வைக்கலாம். நெப்பந்தஸை அப்படி வைத்தால் வேர் அழுகும், மேலே ஊற்றி வடியவிட வேண்டும். உரம், செம்மண், தொழுவுரம் இரண்டுக்கும் ஆகாது. பீட் மாஸும் (மக்கிய பாசி) பெர்லைட்டும் (லேசான வெள்ளைக் கல்துகள்) கலந்தால் போதும்.

ஃப்ளைட்ராப்பை மேசையில் வைத்து ரசிப்பவர்கள் நிறைய. ஆனால் அதற்குத் தினமும் குறைந்தது ஐந்தாறு மணி நேரம் நேரடி வெயில் தேவை. அப்புறம், விளையாட்டுக்கு விரலை விட்டுச் சீண்டாதீர்கள். பொறியாக இருக்கும் ஒரு இலை சில முறைதான் மூடும், பிறகு கருகிவிடும். நெப்பந்தஸுக்கு இந்தத் தொல்லை இல்லை, எறும்பு தானாகவே வந்து விழும்.

இடம் சிறியதா? டிரோசிரா பர்மானி என்ற குட்டிச் சூரியப்பனிச் செடி (ஒட்டும் துளிகளால் பூச்சி பிடிப்பது) நம் நாட்டுச் செடிதான், வெப்பத்தைத் தாங்கும். ஒரு பருவத்தில் ஆயுள் முடிந்தாலும் விதை கொட்டித் தானே முளைக்கும்.

ஃப்ளைட்ராப்தான் வேண்டும் என்று உறுதியாக இருப்பவர்கள் நவம்பர், டிசம்பரில் வாங்குங்கள், வந்தவுடன் வெயிலில் வதங்காது. திசு வளர்ப்பில், அதாவது ஆய்வகத்தில் உருவான செடிதானா என்றும் கேளுங்கள். காட்டிலிருந்து திருடுவது மிகுந்ததால், 2014 முதல் வட கரோலினாவில் அது கடும் குற்றம்.