‘அண்ணா, நானும் ஆம்பூர்ப் பக்கம்தான்’ என்றவர் என் வாலட்டைத் துடைத்த கதை

எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. பத்து வருஷமாகப் பெங்களூரில் ஐ.டி. வேலை. ஈஜிபுராவில் எங்கள் தெருவில் யார் வீட்டு லேப்டாப் படுத்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அப்படிப்பட்ட நான் கிரிப்டோ நாணயத்தில் ஏமாந்தேன்.

எத்தீரியம் என்ற பெரிய கிரிப்டோ வலைப்பின்னலில், கணக்கைச் சரிபார்த்துச் சம்பாதிக்கும் வேலிடேட்டரைத் தனியாக நடத்த 32 ஈத்தர் (அதன் நாணயம்) வேண்டும். அதெல்லாம் நமக்கு எட்டாது. 2012-இல் பியர்காயின் என்ற கிரிப்டோ நாணயம் தொடங்கிவைத்த பழைய பாணியில் ஓடும் சின்ன நாணயங்கள் சில இருக்கின்றன. வீட்டுக் கம்ப்யூட்டரில் நாணயத்தை வைக்கும் மென்பொருளான வாலட்டைத் திறந்து, ஸ்டேக்கிங்கிற்கு, அதாவது இருக்கும் நாணயத்தைக் காட்டி வலைப்பின்னலின் கணக்கைச் சரிபார்க்கும் வேலைக்கு, பூட்டை நீக்கி வைத்தால் போதும், அவ்வப்போது கொஞ்சம் சேரும். அதில் ஒன்றை மூன்று வருஷமாக வைத்திருந்தேன். அன்றைய விலைக்கு ஒரு லட்சத்து எண்பதாயிரம் ரூபாய்.

ஒரு வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு ஒரு ஸ்டேக் கிடைத்தது, அதாவது அந்த வேலைக்கான கூலி. மத்தியானம் மழை, கரண்ட் போய் கம்ப்யூட்டர் பட்டென்று அணைந்தது. அதற்கப்புறம் வாலட் திறக்கும், இருப்பைக் காட்டும்; ஸ்டேக்கிங்கைத் தொடங்கினால் மட்டும் ஐந்து பத்து நிமிஷத்தில் தானாக மூடிக்கொள்ளும். அந்த நாணயக்காரர்கள் கூடும் அரட்டைக் குழுவில் கேட்டேன். குழுவில் பதில் வரும் முன்பே தனிச் செய்தி வந்தது. சுத்தமான தமிழ்.

“அண்ணா, நான் சப்போர்ட்ல இருக்கேன். நானும் ஆம்பூர்ப் பக்கம்தான். நைட்டுக்குள்ள சரி பண்ணிடலாம்.”

என் புரொஃபைலில் ஊர் ஆம்பூர் என்று நானே போட்டிருக்கிறேன் என்பது அப்போது உறைக்கவில்லை. நாள் முழுக்க கன்னடமும் இந்தியும் இங்கிலீஷும் பேசிவிட்டு வரும் ஆளுக்கு ஊர்ப்பேச்சு கேட்டால் மனசு இளகிவிடுகிறது. அதைத் தெரிந்துதான் வைத்திருக்கிறார்கள்.

திரையைப் பகிரும் செயலியைப் போடச் சொன்னார். உள்ளே வந்து, நாணயத்தின் சாவிகள் இருக்கும் வாலட்.டாட் கோப்பை “செக் பண்ணணும்” என்று தன் பக்கம் நகல் எடுத்தார். நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். கடவுச்சொல் இல்லாமல் அந்தக் கோப்பால் பயனில்லை என்று எனக்குத் தெரியும், அந்தத் தைரியம்.

அப்புறம்தான் வேலையைக் காட்டினார். பூட்டை நீக்கும் பெட்டியில் ‘ஸ்டேக்கிங்கிற்கு மட்டும்’ என்று ஒரு டிக் இருக்கும். அது இருக்கும்வரை நாணயத்தை வெளியே அனுப்ப முடியாது. “அந்த டிக்தான் அண்ணா கிராஷுக்குக் காரணம், அதை எடுத்துட்டு கன்சோல்ல போய் அன்லாக் பண்ணுங்க” என்றார். பெட்டியில் கடவுச்சொல் புள்ளி புள்ளியாக மறையும். கட்டளைகளைத் தட்டும் இடமான கன்சோலில், கட்டளையோடு சேர்த்துத் தட்டும்போது எழுத்தெழுத்தாகத் திரையில் நிற்கும். தட்டினேன். அவர் பார்த்தார். “இப்போ ரீஸ்டார்ட் பண்ணுங்க அண்ணா, அரை மணி நேரம் தொடாதீங்க.”

தொடவில்லை. திரும்பத் திறந்தபோது செலவழிக்கக்கூடிய இருப்பு பூஜ்யம்.

கை நடுங்க முதலில் செய்தது கடவுச்சொல்லை மாற்றியது. அதில் ஒரு பிரயோஜனமும் இல்லை. மாறியது என் கோப்பின் பூட்டு. அவரிடம் இருப்பது பழைய கோப்பு, அதற்குப் பழைய கடவுச்சொல் இன்னும் செல்லும். இதே நிலைமையில் மாட்டினால் கடவுச்சொல்லோடு மல்லுக்கட்டாதீர்கள். மிச்சமிருப்பதை வேறு கம்ப்யூட்டரில் உருவாக்கிய புது வாலட்டுக்கு மாற்றுங்கள்.

எனக்கு மிச்சம் இருந்தது. காலையில் ஸ்டேக் ஆன தொகை இன்னும் முதிரவில்லை. இந்த நாணயத்தில் அதற்கு 500 பிளாக், அதாவது பொதுக் கணக்குப் பதிவேட்டில் 500 புதுப் பக்கங்கள், கடக்க வேண்டும். அதுவரை நானும் எடுக்க முடியாது, அவரும் எடுக்க முடியாது. கணக்குப் போட்டால் விடிகாலை நாலு மணி வாக்கில் திறக்கும். மனைவியின் லேப்டாப்பில் புது வாலட் போட்டு, பழையதை ஸ்டேக்கிங் இல்லாமல் திறந்து வைத்துக்கொண்டு, பிளாக்குகளை எண்ணியபடி உட்கார்ந்திருந்தேன். மூணு ஐம்பதுக்குத் திறந்தது, அனுப்பினேன், போய்ச் சேர்ந்தது. மொத்தத்தில் ஆறில் ஒரு பங்குகூட இருக்காது.

காலையில் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழைத்து, பரிவர்த்தனை எண்ணையும் அவருடைய முகவரியையும் கொடுத்துப் புகார் பதிந்தேன். வங்கிப் பணம் என்றால் சீக்கிரம் சொன்னால் வழியிலேயே நிறுத்தப் பார்க்கலாம். இங்கே நடுவில் வங்கி கிடையாது.

கிராஷுக்கு என்ன காரணம் என்று கேட்கிறீர்களா? ஞாயிற்றுக்கிழமை, வாலட் தன் நடப்பை எழுதிவைக்கும் டீபக்.லாக் கோப்பின் கடைசி வரிகளைப் படித்தேன். கரண்ட் போனபோது பிளாக் தரவு கெட்டிருக்கிறது. ஸ்டேக்கிங் பழைய பிளாக்கை வட்டிலிருந்து படிக்கப் போகும் இடத்தில் விழுந்திருக்கிறது. வாலட்.டாட்டை ஒரு பென் டிரைவில் நகல் வைத்துவிட்டு, தரவை மறுபடி முதலிலிருந்து அடுக்கச் சொல்லும் ரீஇண்டெக்ஸ் என்ற சொல்லைச் சேர்த்து வாலட்டைத் திறந்தேன். ராத்திரி முழுக்க ஓடியது. காலையில் சரியாகிவிட்டது. பைசா செலவில்லை.

நேற்று அதே குழுவில் ஒருவர், மதுரைக்காரர், இதே கிராஷைப் பற்றிக் கேட்டிருந்தார். புதுப் பெயரில் ஓர் ஆள் பதில் போட்டிருக்கிறார்: “அண்ணா, நானும் மதுரைப் பக்கம்தான். தனிச் செய்தி பாருங்க.”